காணாமல் போகாத குழந்தை

பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில் நான் தோற்ற வருடம்தான் எங்கள் வீட்டுக்குக் கலர் டி.வி. வந்தது. அந்தப் போகம் வேர்க்கடலை நல்ல விலைக்குப் போயிருந்தது. அப்பா காஞ்சிபுரம் போய், பெட்டியை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு, தானும் பின்னால் அதைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தார். ஆனால் ஊரில் பேசியது வேறு. பெண் பெயிலாகி வீட்டோடு கிடக்கிறாள், அவளுக்குப் பொழுதுபோக வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். குழாயடியில் அது என் காதிலும் விழுந்தது.

உத்திரமேரூரிலிருந்து மிதிவண்டியில் அரைமணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊர் எங்களுடையது. கறுப்பு வெள்ளை டி.வி. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒன்று இருந்தது, பாதி நாள் ஓடாது. அதனால் கலர் டி.வி. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடம் நிறைந்துவிட்டது. மாடியில் அண்ணன் ஆன்டெனாக் குழாயைத் திருப்பித் திருப்பி, "வருதா? இப்ப வருதா?" என்று கத்திக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து வரும் படம் எங்கள் ஊர் வரை வந்து சேர அவ்வளவு பாடு.

எனக்கு அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது உத்திரமேரூரில் ஒரு வங்கி அதிகாரியின் மனைவியிடம் மாலையில் இந்தி படித்திருந்தேன். இரண்டு பரீட்சை தேறியிருந்தேன். தேறினேன் என்றால், கையேட்டில் இருந்த பதில்களை அர்த்தம் தெரியாமல் அப்படியே மனப்பாடம் செய்து எழுதினேன். 'என் பிதாஜி தோட்டத்தில் இருக்கிறார்', 'மாம்பழம் இனிப்பாக இருக்கிறது' என்கிற மாதிரி ஒரு இருபது வாக்கியம் எனக்குத் தெரியும். அந்த அம்மாள் கொஞ்சம் வேகமாகப் பேசினால் தலையை மட்டும் ஆட்டுவேன். இது அப்பாவுக்குத் தெரியாது. "எம் பொண்ணு இந்தி படிச்சவ, டெல்லியில கொண்டுபோய் வுட்டாலும் பொயச்சிக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கணக்கில் தோற்ற பிறகு இன்னும் அழுத்திச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கார்ட்டூன் தொடர் தொடங்கியது. இந்தியில் பேசியது. ஜப்பானில் செய்த படம் என்பது பின்னால்தான் தெரிந்தது. நாங்கள் அதுவரை பார்த்த கார்ட்டூன் எல்லாம் பூனை எலியைத் துரத்துவதுதான். இது அப்படி இல்லை. மலைச்சரிவு முழுக்கப் புல், காற்று அடிக்க அடிக்க அந்தப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிறம் மாறுகிறது. தகரக் கூரையில் மழை விழுகிறது, ஒவ்வொரு துளியும் தெறித்து உடைவது தெரிகிறது. செம்பட்டை முடியோடு ஒரு சின்னப் பெண் கையில் விளக்கோடு நடக்கிறாள், விளக்கு ஆடும்போது அவள் முகத்தில் வெளிச்சமும் ஆடுகிறது. கூடத்தில் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குள் மழை பெய்கிற மாதிரி ஒரு கிழவர் துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

பிறகு யாரோ கேட்டார்கள். "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?"

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டார். "வாம்மா, வந்து இவங்களுக்கு அர்த்தம் சொல்லு."

நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். அத்தனை முகமும் என்னைப் பார்த்துத் திரும்பியது. பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து யாரும் என்னை அப்படிப் பார்த்திருக்கவில்லை. டி.வி.யில் பேச்சு கடகடவென்று ஓடியது. ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. அப்போது அந்தப் பெண் மலையுச்சியில் நின்று, பனிமூட்டத்தைப் பார்த்து, "பாப்பா! பாப்பா!" என்று கத்தினாள்.

அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது என்று நினைத்தேன்.

"பாப்பாவத் தேடுது" என்றேன். "அதோட தம்பிப் பாப்பா காணாம போயிடுச்சாம்."

"அய்யோ" என்றாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி.

பனிமூட்டத்துக்குள் நீளக் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு ஆள் முதுகு காட்டி நடந்து போனான். "அவன்தான் தூக்கிக்கினு போனவன்" என்றேன். அது தானாக வந்தது. யாரும் கேட்கக்கூட இல்லை.

அப்படி ஆரம்பித்தது. வாரம் தவறாமல் நான் டி.வி. பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து கதை சொன்னேன். சனிக்கிழமையே அடுத்த நாள் என்ன சொல்வது என்று யோசிப்பேன். ஆனால் படம் என் பேச்சைக் கேட்காது. நான் அவள் ராட்சசன் கோட்டைக்குப் போகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருப்பேன், அவள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் மீன் பிடிப்பாள். உடனே, மீன் வயிற்றில் ஒரு சாவி இருக்கிறது என்பேன். சாவி வராது. அடுத்த வாரம் அந்தச் சாவியை நானே மறந்துவிடுவேன். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். "அக்கா, சாவி இன்னா ஆச்சி?" என்பார்கள். "ஆத்துல வுயுந்துடுச்சி" என்பேன். கதை நொண்டியது. பெரியவர்கள்கூட, "படம் சோக்கா கீது, கதைதான் ஒண்ணும் கட்டி வரல" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். ஆனாலும் மறுவாரம் வந்தார்கள், அந்தப் புல்லையும் மழையையும் பார்க்க.

ஜன்னலைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். கூடத்தின் பக்கவாட்டு ஜன்னல் மாட்டுக் கொட்டகை இருக்கும் முற்றத்தைப் பார்த்தது. எங்கள் கொட்டகையில் தினமும் காலையில் சாணம் அள்ளிக் கூட்டிச் சுத்தம் செய்ய ஒரு அம்மாள் வருவார். ஏரிக்கரைக் காலனியில் வீடு. நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாவற்றுக்கும் எங்கள் நிலத்துக்குத்தான் வருவார். என் அம்மாவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். இப்போது எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது நான் அவரை 'வா, போ, நீ' என்றுதான் சொன்னேன். பேச ஆரம்பித்த வயதிலிருந்தே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை முடித்துவிட்டு அவர் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று படம் பார்ப்பார். கம்பியைத் தொடமாட்டார், ஓர் அடி தள்ளி நிற்பார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வேறு யார் வந்தாலும் கூடத்தில் இடம் இல்லாமல் போனதில்லை.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, படத்தில் அந்தப் பெண் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து கிண்ணத்தில் எதையோ குடித்தாள். பிறகு அந்தக் கறுப்புக் கோட்டு ஆள் வேறொரு இடத்தில் உட்கார்ந்து குடிப்பதைக் காட்டினார்கள். நான், "அவன் அதுல விஷத்தக் கலக்கறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"யம்மா, அந்த ஆளு அதுக்கு நைனா மாரி கீதும்மா."

எல்லோரும் திரும்பினார்கள். அந்த அம்மாள் டி.வி.யையே பார்த்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "ரெண்டு பேரும் நடக்கச் சொல்ல பாரேன், எடது தோள கொஞ்சம் எறக்கினு நடக்கறாங்க. கிண்ணத்த புடிக்கறதும் ஒரே மாரி, ரெண்டு கையாலயும் ஏந்திக்கினு. அது பாப்பா பாப்பான்னு அவனப் பாத்துத்தாம்மா கூப்புடுது. கைப்புள்ள எதையும் இத்தினி நாளா காட்டவேயில்லியே."

அவர் சொன்னதும் நானும் பார்த்தேன். தோள் இறங்கித்தான் இருந்தது. எத்தனை பாடுபட்டு அதை வரைந்திருக்கிறார்கள் என்பது ஒரு கணம் எனக்குத் தெரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டது. கூடத்தில் ஒரு கிசுகிசுப்பு எழுந்தது, "ஆமாப்பா, அப்பிடித்தான் கீது" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அடியிலிருந்து முக்காலி நழுவுகிற மாதிரி இருந்தது.

"உனுக்கு இந்தி தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனுக்கெங்கம்மா தெரியும்? கண்ணுல பட்டது, சொன்னேன்."

"தெரியாதுன்னா வாய மூடிக்கினு பாரு. ஜன்னலாண்ட நிக்க வுட்டதே பெருசு. சாணி அள்ற வேலைய பாத்துக்கினு போவியா, எனுக்கு அர்த்தம் சொல்ல வந்துட்ட."

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். அப்பா, "வுடும்மா, அதுக்கு இன்னா தெரியும்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அந்த அம்மாள் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். படம் முடியும் வரை நின்றார்.

அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். பேசவில்லை. அந்த இரண்டாவது வாரத்தில்தான் படத்தில் அது நடந்தது. பனி பெய்கிற ஒரு பாலத்தில் அந்தக் கறுப்புக் கோட்டு ஆள் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பெண் "பாப்பா!" என்று ஓடினாள், அவன் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தான், அவள் போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைமயிரில் பனித்துகள் விழுந்து உருகுவதுகூடத் தெரிந்தது. கூடத்தில் எல்லோரும் குழம்பி என் முகத்தைப் பார்த்தார்கள்.

"மருந்து குடுத்து மயக்கிட்டான்" என்றேன். "அது தன் நெனப்புல இல்ல இப்ப."

"அடப்பாவி" என்றார்கள். ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நான் மூச்சு விட்டுவிட்டுத் திரும்பியபோது, அந்த அம்மாள் டி.வி.யைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறைக்கவில்லை. வெயிலில் நெல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். எனக்கு இந்தி தெரியாது என்பது அந்த நிமிஷம் உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் ஆரம்பிக்கும் முன், "ஜன்னல் வெளிச்சம் டி.வி. மேல அடிக்குது, ஒண்ணும் தெரியல" என்று சொன்னேன். அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. அந்தப் பக்கம் வெயிலே வராது. அப்பாவுக்கும் அது தெரியும், ஆனால் அவர் கதவைச் சாத்துவதற்கு முன் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. வெளியே விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, முற்றத்துப் படல் மூடுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து நான் கொட்டகைப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன். பால் கறக்கிற நேரத்தில் அம்மா கூப்பிட்டாலும் வேறு வேலை சொல்லித் தப்பித்தேன்.

இப்படி இரண்டு வாரம் போயிருக்கும். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, லீவில் வந்தார். பட்டாளத்தில் பதினைந்து வருடமாக வடக்கே இருந்தவர். அவர் வருகிறார் என்ற கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்துப் பார்த்தேன். அப்பா விடவில்லை. "மாமாவும் கேக்கட்டும், எப்பிடி சொல்றன்னு" என்றார்.

மாமா நாற்காலியில் காபி டம்ளரோடு உட்கார்ந்தார். நான் முதல் வாக்கியம் சொன்னதும் சட்டென்று என் பக்கம் திரும்பினார். இரண்டாவது வாக்கியத்துக்கு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார். கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கிணற்றடியில் கைகழுவ வந்தவர், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இன்னாடி கத வுட்டுக்கினு கீற? எந்தப் பாப்பா காணாம போச்சி?"

நான் வாளியை எடுத்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"இந்தியில பாப்பான்னா அப்பான்னு அர்த்தம்டி. அது அப்பாவக் கூப்புடுது."

"புஸ்தகத்துல பிதாஜின்னுதான் இருந்திச்சி" என்றேன்.

மாமா சிரிக்க ஆரம்பித்தார். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். உண்மையான கதையை அவர்தான் சொன்னார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா இல்லாத பெண். அப்பா வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர். பெண் பின்னாலேயே தேடிக்கொண்டு போகிறாள், ஒரு வாரம் சேர்கிறார்கள், மறுவாரம் பிரிகிறார்கள். "மலைய காட்றான், மழைய காட்றான். கதைன்னு பாத்தா ஜப்பான்காரனுக்கே இன்னா பண்றதுன்னு தெரியல போல கீது. ஆனா நீ வுட்டதுக்கு அது எவ்ளோ மேல்" என்றார். பிறகு, "வர வாரம் நீயே சொல்லிடு. சிரிப்பாங்க, அவ்ளோதான். யாரும் உன்ன தூக்குல போடமாட்டாங்க" என்றார்.

ஜன்னலைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சிரித்திருக்கமாட்டார் என்று தெரியும்.

மறுவாரம் மாமா தன் வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தார். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் முக்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். முற்றம் கூட்டிச் சுத்தமாக இருந்தது. ஆள் இல்லை. திரும்பி வந்து வாயைத் திறப்பதற்குள், முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், "அக்கா, இன்னிக்காவது பாப்பா கெடைச்சிடுமா?" என்று கேட்டாள்.

"கெடைச்சிடும்" என்றேன்.

தெரியாமல் சொன்னதெல்லாம் ஒரு கணக்கு. தெரிந்த பிறகும் மூன்று வாரம் அதே கதையைச் சொன்னேன். பிறகு முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அந்தத் தொடரை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் வேறு ஏதோ போட்டார்கள். குழந்தை கிடைக்கவே இல்லை. குழாயடியில், கடைத்தெருவில், பஸ் நிறுத்தத்தில், பிள்ளைகளும் பெண்களும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி, அந்தக் குழந்தை கிடைத்தால் எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு எண்ணெய் விடுவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பாதி நிஜமாகத்தான் சொன்னாள்.

சம்பா நடவு தொடங்கியது. அம்மாவுக்குக் காய்ச்சல். நடவு ஆட்களுக்குக் கூழ்ப் பானையை அண்ணன் சைக்கிளில் கொண்டுவர, நான் வெங்காயத்தையும் ஊறுகாயையும் எடுத்துக்கொண்டு வரப்பில் போனேன். அந்த அம்மாளும் நடவில் இருந்தார். எல்லோரும் கரையேறிக் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவருக்குக் கூழ் ஊற்றும்போது நான் குனிந்தபடியே கேட்டேன்.

"ஏன் டி.வி. பாக்க வர்றதேயில்ல?"

"ஜன்னல் சாத்திக் கீதேம்மா" என்றார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. மழை பெய்ததால் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு இந்தி தெரியாது, நீங்கள் சொன்னதுதான் சரி, நான் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மூன்று வாக்கியம்தான். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்தக் கதையில, அந்த ஆளு அதுக்கு அப்பாதான்னு கடைசியில காட்டினாங்க. முன்னாடி யாருக்கும் தெரியாத மாரி மறைச்சி வெச்சிருந்தாங்க."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைத் தட்டினார். "கேட்டியாடி! நான் சொன்னேனில்ல, அவன் நைனாதான்னு? அந்த நடையே சொல்லிடுச்சி எனுக்கு." அவளும், "ஆமா ஆமா, நீ அன்னிக்கே சொன்ன" என்றாள். அப்படியென்றால் இவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். நடவு வயலில் சொல்லியிருக்கிறார். இத்தனை வாரமாக அது மனசில் கிடந்திருக்கிறது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப காணாம போன புள்ள இன்னாம்மா ஆச்சி?"

"அத... வுட்டுட்டாங்க. காட்டல."

அவர் உச்சுக் கொட்டினார். "அவ்ளோ அயகா வரையத் தெரிஞ்சவனுக்கு ஒரு கத ஒயுங்கா சொல்லத் தெரியலியே" என்றார்.

"ஆமா" என்றேன்.

முகம் தெரியாத அந்தப் படக்காரர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு, ஊறுகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்ந்தேன். அவர் ரொம்ப நேரம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. என் மன்னிப்பு என்று அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதுவும் பொய்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணமாகி, தென்னேரிப் பக்கம் போய்விட்டேன். சில வருடங்களில் அந்த அம்மாளின் மகனுக்குச் சென்னை போகிற வழியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாக அம்மா சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பாப்பா கதை பிரசித்தம். மாமா எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும், "பாப்பா கெடைச்சிதாடி?" என்று ஆரம்பிப்பார். பிறகு என்னையே சொல்லச் சொல்வார்கள். நானும் சொல்வேன். பிதாஜி வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், மீன் வயிற்றுச் சாவிக்கு இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை மாற்ற வேண்டும் என்று எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. என் மகளும் மருமகனும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார் என்று அவர்கள் யாருக்கும் நான் சொன்னதில்லை.